கண்ணோரச் சுருக்கத்துக்கு ஊசி, கிரீம், லேசர்: கிருஷ்ணகிரி தோல் கிளினிக்கில் என் அனுபவம்

கிருஷ்ணகிரியில் பெங்களூரு சாலைப் பக்கம் இருக்கும் ஒரு தோல் கிளினிக்கில் கண்ணோரச் சுருக்கத்துக்கு, தசையைத் தளர்த்துகிற போட்டாக்ஸ் ஊசி போட்டுக்கொண்டேன். ஊசி வேலை செய்தது. விசாரிக்கிற எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான் என்பதால் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த ஊசியைவிட, அதற்கு முன்னால் டாக்டரம்மா என் முகத்தைப் பொறுமையாகப் பார்த்து, எது எனக்குச் சரிவரும், எது வராது என்று பிரித்துச் சொன்னாரே, அதற்குத்தான் நான் அதிக மதிப்பெண் போடுவேன்.

கிளினிக்கின் பெயரை இங்கே எழுதவில்லை. எதையெல்லாம் பார்த்து ஒரு இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று தெரிந்தால் ஓசூரில் இருப்பவருக்கும் உதவும், அரூரில் இருப்பவருக்கும் உதவும்.

எனக்கு 49 வயது. சந்தூர் பக்கம் ஒட்டு மாங்கன்று நர்சரி வைத்திருக்கிறோம். வேர்ச்செடியின் தண்டைப் பிளந்து, சீவிய ஒட்டுக்குச்சியை அதில் செருகி, பாலிதீன் நாடாவைச் சுற்றி இறுக்கிக் கட்டுகிற வேலை. பட்டையும் பட்டையும் சரியாகப் பொருந்தவில்லை என்றால் கன்று பிடிக்காது. அதனால் கண்ணை இடுக்கி இடுக்கிப் பார்த்தே பாதி வயது போயிருக்கிறது. மீதி நேரம் வெயிலில். இரண்டு கண்ணின் வெளி ஓரத்திலும் விசிறியாகக் கோடுகள், கண்ணுக்குக் கீழே மெல்லிய சுருக்கம். கன்று வாங்க வருகிறவர்கள் 'உடம்புக்கு என்னங்கம்மா, சோர்வா இருக்கீங்க' என்று கேட்பார்கள். எனக்குச் சோர்வு ஒன்றும் இல்லை, முகம்தான் அப்படிக் காட்டியது. அதை மாற்ற வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மாம்பழ சீசன் முடிந்து கையில் காசு வந்ததும் போனேன்.

போகும் முன் நான் பார்த்தது பெயர்ப்பலகை. டாக்டரின் பெயருக்குக் கீழே எம்.டி., டி.வி.எல். என்று படிப்பும், மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணும் இருந்தது. தோல் மருத்துவத்துக்கு அதுதான் படிப்பு, டி.டி.வி.எல். என்று டிப்ளமோவும் உண்டு. 'காஸ்மெட்டாலஜிஸ்ட்' என்று மட்டும் போட்டிருந்தால் என்ன படித்தவர் என்று வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். நம் முகம், கேட்பதில் தப்பே இல்லை.

உள்ளே கூப்பிட்டதும் பவுடரைத் துடைக்கச் சொன்னார். ஜன்னல் வெளிச்சம் விழுகிற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டார். 'சும்மா நேரா பாருங்க' என்று ஒரு படம். 'இப்ப நல்லா சிரிங்க' என்று ஒரு படம். 'வெயில்ல பார்க்கிற மாதிரி கண்ணை இடுக்குங்க' என்று இன்னொன்று. அப்புறம் கீழ் இமையை விரலால் லேசாகக் கீழே இழுத்துவிட்டு, அது எவ்வளவு சீக்கிரம் பழைய இடத்துக்குத் திரும்புகிறது என்று பார்த்தார். இமை தளர்ந்தவர்களுக்குக் கண்ணுக்குக் கீழே ஊசி போட்டால் இமை இன்னும் தொங்கிப் போகலாமாம், அதற்காக இந்தச் சோதனை. எனக்குக் கொஞ்சம் மெதுவாகத்தான் திரும்பியது. 'அப்போ உங்களுக்கு ஓரத்துல மட்டும்தான். கீழே நான் போடமாட்டேன்' என்று அங்கேயே சொல்லிவிட்டார். எனக்கு உண்மையில் கீழே இருந்த சுருக்கம்தான் அதிக வருத்தம். ஆனாலும் அந்த ஒரு வார்த்தையில்தான் அவர் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது. காசு வருகிற வேலையை வேண்டாம் என்கிறாரே.

அந்தப் படங்களைக் கணினியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விளக்கினார். கண்ணைச் சுற்றி வளையமாக ஒரு தசை இருக்கிறது. சிரிக்கும்போதும் இடுக்கும்போதும் அது சுருங்கும், அதோடு தோலும் மடியும். உடம்பிலேயே மிக மெல்லிய தோல் இமைத் தோல்தான், சில இடங்களில் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. சிரித்தால் வந்து, சிரிப்பு நின்றதும் மறைகிற கோடு தசையின் வேலை. சும்மா இருக்கும்போதும் நிற்கிற கோடு தோலிலேயே விழுந்துவிட்டது. 'பட்டுச்சேலையை வருஷக்கணக்கா ஒரே மடிப்பில வச்சா, பிரிச்சுப் போட்டாலும் அந்தக் கோடு நிக்குது இல்லையா, அது மாதிரிம்மா. ஊசி மடிக்கிறதை நிறுத்தும். விழுந்த கோட்டை முழுசா எடுக்காது' என்றார். எனக்கு இரண்டும் கலந்து இருந்தது. ஊசியால் பாதிக்கு மேல் குறையும், மீதிக்குக் கிரீமும் வெயில் பாதுகாப்பும்தான் என்று கணக்குச் சொல்லிவிட்டார்.

லேசர் பற்றி நானே கேட்டேன். வாட்ஸாப்பில் வந்த வீடியோக்களில் லேசர்தான் பெரிதாகத் தெரிந்தது. கார்பன் டை ஆக்சைடு லேசர் தோலின் மேல் பகுதியைச் சின்னச் சின்னப் புள்ளிகளாகச் சுட்டு, அது ஆறும்போது தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் புதிதாக உருவாக வைக்கிறது. விழுந்த கோட்டுக்கு அது நல்ல சிகிச்சைதான் என்று அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் நம் நிறத் தோலில் சூடு பட்ட இடம் கறுத்துப்போகும் அபாயம் அதிகம். அந்தக் கறுப்பு மங்க மாதக்கணக்கில் ஆகும். அதுவும் லேசர் முடிந்து வெயிலில் வேலைக்குப் போகிறவர்களுக்கு நிச்சயம் சிக்கல். 'நீங்க நர்சரியை விட்டுட்டு ரெண்டு மாசம் வீட்டுக்குள்ள இருப்பீங்களா?' என்று கேட்டார். முடியாது. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. தோலின் மேல் படலத்தை உரிக்கும் அமிலப் பூச்சான கெமிக்கல் பீலும் அதே கதை: வலுவானது போட்டால் கறுக்கும், லேசானது போட்டால் தோல் பளிச்சென்று ஆகுமே தவிர கோடு போகாது. மைக்ரோநீட்லிங், அதாவது நுண்ணூசி உருளை, நம் நிறத்துக்கு லேசரைவிடப் பத்திரம், ஆனால் பல தடவை போக வேண்டும். இரத்தம் எடுத்துச் சுழற்றி முகத்தில் போடும் பி.ஆர்.பி.யைச் சுருக்கத்துக்கென்று தான் பரிந்துரைப்பதில்லை, அதற்கு ஆதாரம் போதாது என்று ஒரே வரியில் முடித்தார்.

ஃபில்லர் என்பது வேறு. கண்ணுக்குக் கீழே குழி விழுந்தவர்களுக்கு ஹையலுரானிக் அமில ஜெல்லை உள்ளே வைத்து நிரப்புவது. அது எனக்குத் தேவையில்லை என்றாலும், ஆசைப்படுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த ஜெல் தவறி இரத்தக் குழாய்க்குள் போனால் பார்வையே போகிற ஆபத்து உண்டு, மிக அரிது என்றாலும் உண்டு. ஜெல்லைக் கரைக்கிற ஹையலுரானிடேஸ் மருந்து கைவசம் இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் மட்டும் உட்காருங்கள். தோல் நிறையத் தொங்கிப் பை விழுந்தவர்களுக்கு இமை அறுவைதான் வழி. அதற்கு பிளாஸ்டிக் சர்ஜனிடமோ கண் மருத்துவரிடமோ போக வேண்டும், தோல் கிளினிக்கில் ஆகாது.

என் மாமியாருக்கு 'விஷ ஊசி' என்ற பயம் இருந்தது. பொய்யில்லை, போட்டாக்ஸில் இருக்கும் போட்யூலினம் என்பது ஒரு பாக்டீரியா உண்டாக்கும் நச்சுதான். நரம்பு தசைக்குக் கொடுக்கும் கட்டளையைத் தடுக்கிறது. ஆனால் மருந்தாக இது முதலில் வந்தது அழகுக்காக இல்லை, மாறுகண்ணுக்காக. 1989-இல் அமெரிக்காவில் மாறுகண்ணுக்கும் ஓயாத இமைத் துடிப்புக்கும் அனுமதி கிடைத்தது. இமைத் துடிப்புக்கு ஊசி போட்டவர்களின் புருவ நடுக்கோடு மறைவதைக் கனடாவைச் சேர்ந்த ஜீன் காரதர்ஸ் என்ற கண் மருத்துவரும் தோல் மருத்துவரான அவர் கணவர் அலஸ்டெயரும் கவனித்து, 1992-இல் எழுதினார்கள். புருவ நடுக்கோட்டுக்கு 2002-இல் அமெரிக்க அனுமதி வந்தது, கண்ணோரக் கோட்டுக்கு 2013-இல். இத்தனை வருஷப் பழக்கம் உள்ள மருந்து என்று சொன்ன பிறகுதான் மாமியார் சரி என்றார்.

முதல் நாளே ஊசி போடவில்லை. 'போய் யோசிச்சுட்டு வாங்க' என்று அனுப்பினார். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறேன், இரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின் மாதிரி ஏதாவது உண்டா, தசை பலவீன நோய் உண்டா, கண் வறட்சி உண்டா என்று ஒரு தாளில் எழுதி வாங்கினார்கள். மயஸ்தீனியா மாதிரி நரம்புத் தசை நோய் இருப்பவர்களுக்கு இந்த ஊசி கூடாது. கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கிறவர்களுக்கும் போடுவதில்லை.

ஊசி போட்ட அன்று என் கண் முன்னாலேயே குளிர்சாதனப் பெட்டியிலிருந்து குப்பியை எடுத்தார். பெயரையும் காலாவதித் தேதியையும் என்னையே படிக்கச் சொன்னார். குப்பி கிட்டத்தட்ட வெறுமையாக இருந்தது, அடியில் பொடிபோல் ஏதோ படிந்தும் படியாமலும் தெரிந்தது. அவ்வளவுதான் மருந்து. அதில் சலைன் நீரை ஊற்றும்போது குலுக்காமல், ஓரமாக வழியவிட்டு மெல்ல உருட்டினார். பிறகு இன்னொரு தடவை என்னைச் சிரிக்கச் சொல்லி, வெள்ளைப் பென்சிலால் ஒவ்வொரு கண்ணோரத்திலும் மூன்று புள்ளி வைத்தார். கண் குழி எலும்பின் விளிம்புக்கு வெளியேதான் எல்லாப் புள்ளியும். ஒரு புள்ளிக்கு 4 யூனிட், ஒரு பக்கம் 12, மொத்தம் 24. மயிரிழை ஊசி. மரத்துப்போகும் கிரீம் போட்டிருந்ததால் வலி பெரிதாக இல்லை, ஆனால் கண்ணுக்கு அவ்வளவு பக்கத்தில் ஊசி வரும்போது உடம்பு விறைத்துக்கொள்கிறது. நர்ஸ் பெண் கையைப் பிடித்துக்கொண்டு 'அக்கா, மூச்சை மெதுவா விடுங்க' என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தப் பெண்ணுக்கு என் நன்றி. போட்ட இடங்களில் சின்னத் தடிப்பு, அரை மணியில் அமுங்கியது. இடது பக்கம் மட்டும் ஒரு புள்ளி கன்றிப்போய்ச் சில நாளில் மறைந்தது.

நாலு மணி நேரம் படுக்கக் கூடாது, அன்று முழுக்கக் கண்ணோரத்தைத் தேய்க்கக் கூடாது, மூட்டை தூக்கக் கூடாது. தேய்த்தால் மருந்து பக்கத்துத் தசைக்குப் பரவி இமை இறங்க வாய்ப்பு உண்டு, அப்படி ஆனாலும் சில வாரங்களில் தானே சரியாகும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

செலவு. யூனிட்டுக்கு 300 ரூபாய் என்று 24 யூனிட்டுக்கு 7,200. அதற்கு மேல் அன்றைக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 1,296. ஆக 8,496 ரூபாய். மருத்துவச் சேவைக்கு இருக்கும் வரிவிலக்கு அழகு சிகிச்சைக்குக் கிடையாது, காப்பீட்டிலும் வராது. இங்கே ஒரு குறை. வரி பற்றி முன்னமே யாரும் சொல்லவில்லை, பில் கையில் வந்தபோதுதான் தெரிந்தது. டாக்டர் இவ்வளவு தெளிவாகப் பேசுகிற இடத்தில் வரவேற்பு மேசையும் அப்படி இருக்க வேண்டாமா? அதே மேசையில் 'பேக்கேஜ் போட்டுக்கோங்க மேடம், நாலு சிட்டிங் சேர்த்துக் கட்டினா குறையும்' என்று வேறு வற்புறுத்தினார்கள். டாக்டர் ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்கிறார், வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு வருஷத்துக்குப் பணம் கேட்கிறார்கள். இதை மறுமுறை போனபோது டாக்டரிடமே சொன்னேன். குறித்துக்கொண்டார்.

வெவ்வேறு கிளினிக்கின் விலையை ஒப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். எந்த பிராண்டு மருந்து, எத்தனை யூனிட் என்று இரண்டையும் கேட்க வேண்டும். போட்டாக்ஸின் யூனிட்டும், அதே வகை மருந்தின் இன்னொரு பிராண்டான டிஸ்போர்ட்டின் யூனிட்டும் ஒன்றல்ல. டிஸ்போர்ட்டில் யூனிட் எண்ணிக்கை கூடுதலாகத்தான் வரும், அதனால் 'யூனிட் விலை குறைவு' என்பதை மட்டும் வைத்து மலிவு என்று நினைக்க முடியாது. அப்புறம், பியூட்டி பார்லர் பலகையில் 'ஹேர் போட்டாக்ஸ்' என்று இருப்பது முடிக்குப் போடும் பூச்சு. அதற்கும் இந்த மருந்துக்கும் சம்பந்தமே இல்லை. பார்லரில் யாராவது முகத்துக்கு ஊசி போடுகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

பலன் என்ன என்றால், முதல் இரண்டு மூன்று நாள் எதுவும் தெரியவில்லை. அப்புறம் ஒவ்வொரு நாளும் சிரிக்கும்போது கோடு குறைந்துகொண்டே வந்தது. இரண்டு வாரத்தில் முழுப் பலன். டாக்டர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். சிரிக்கிற படத்தில் வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது, விசிறிக் கோடுகள் கிட்டத்தட்ட இல்லை. சும்மா இருக்கிற படத்தில் கோடு இருந்தது, ஆனால் ஆழம் குறைந்திருந்தது. கண்ணுக்குக் கீழே இருந்த சுருக்கம் அப்படியே. சொன்னது சொன்னபடி. கன்னம், உதடு எல்லாம் எப்போதும் போலச் சிரித்தது. முகம் பொம்மையாகிவிடும் என்று பயமுறுத்துகிறார்களே, அந்த அளவு மருந்தில் எனக்கு அப்படி எதுவும் ஆகவில்லை. நாலாவது மாதம் தொடங்கியதும் கோடுகள் மெல்லத் திரும்பின. மூன்று நாலு மாதம்தான் இதன் ஆயுள் என்று அவர் முதலிலேயே சொல்லியிருந்தார்.

இனி ஊசிக்கு வெளியே நடந்ததைச் சொல்ல வேண்டும். எனக்கு நிலையான பலன் கொடுத்தது அதுதான்.

முகத்தைப் பார்த்து முடித்ததும் டாக்டர் கேட்ட கேள்வி, 'கிட்ட இருக்கிறதைப் பார்க்கக் கண்ணாடி போட்டிருக்கீங்களா?' போடவில்லை. நாற்பதுக்கு மேல் எல்லாருக்கும் கிட்டே இருப்பது மங்கத் தொடங்கும், அதைச் சமாளிக்கத்தான் பாதி நேரம் இடுக்குகிறோம், கண்ணைப் பரிசோதியுங்கள் என்று அனுப்பிவிட்டார். பரிசோதித்ததில் 1.75 பவர் வந்தது. பாலிகார்பனேட் லென்ஸ் வாங்கினேன், அந்தப் பொருளே புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடும், தனிப் பூச்சு வேண்டியதில்லை. வெயிலில் தானே கறுக்கிற வகை. முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு ஒட்டுக் கட்டியபோது குச்சியின் பச்சைப் பட்டைக்கும் உள்ளே இருக்கும் வெள்ளைத் தண்டுக்கும் நடுவே ஓடும் மெல்லிய வழவழப்பு அப்படித் தெளிவாகத் தெரிந்தது. முகத்தை இறுக்காமல் வேலை செய்ய முடிகிறது என்பதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன். கட்டிய கன்றுகளும் நன்றாகப் பிடிக்கின்றன. என்னைக் கேட்டால் கண்ணோரச் சுருக்கத்துக்கு முதல் செலவு கண்ணாடிக் கடையில் ஆகட்டும், ஊசி அப்புறம்.

வெயில் பற்றி அவர் சொன்ன விதமும் எனக்குப் பிடித்தது. கைப்பேசியில் ஒரு படம் காட்டினார். அமெரிக்காவில் 28 வருஷம் சரக்கு வண்டி ஓட்டிய 69 வயதுக்காரரின் முகம், 2012-இல் ஒரு பெரிய மருத்துவ இதழில் வந்த படம். இடது பாதி மட்டும் தடித்து, வரிவரியாகச் சுருங்கிக் கிடந்தது. வலது பாதி வயதுக்கு ஏற்ற மாதிரி சாதாரணமாக இருந்தது. அங்கே ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரில் இரண்டு வகை: ஜன்னல் கண்ணாடி யு.வி.பி. கதிரைத் தடுக்கும், யு.வி.ஏ. கதிரை உள்ளே விட்டுவிடும். தோலின் ஆழத்துக்குப் போய்க் கொலாஜனைக் கெடுப்பது அந்த யு.வி.ஏ.தான். எனக்கு உடனே என் தம்பி ஞாபகம் வந்தது. சேலம், கிருஷ்ணகிரி, பெங்களூரு என்று லாரியே வாழ்க்கை. நம் ஊரில் ஓட்டுநர் வலப்பக்கம். வீட்டுக்கு வந்தபோது வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தேன், வலது கன்னமும் வலது கண்ணோரமும்தான் கறுத்துச் சுருங்கியிருக்கிறது. நம் மாவட்டத்தில் நாலு திசைக்கும் நெடுஞ்சாலை ஓடுகிறது, லாரி ஓட்டுகிற குடும்பங்கள் எத்தனையோ. வீட்டில் ஓட்டுநர் இருந்தால் ஒரு தடவை இப்படி நிறுத்திப் பாருங்கள்.

நர்சரியில் நிழல்வலைக்குக் கீழேதானே இருக்கிறேன் என்றேன். 'எத்தனை சதவீத வலை?' என்று கேட்டார். 50 சதவீதம். 'அப்போ பாதி வெயில் உங்க மேலதான் விழுது' என்றார். வலைக்குக் கீழே நிற்கும்போதும் சன்ஸ்கிரீன் கட்டாயம்.

அதில் எனக்கு வந்த தொல்லை வேறு. முதலில் வாங்கிய சன்ஸ்கிரீன் வியர்வையோடு வழிந்து கண்ணில் இறங்கி எரித்தது. சித்திரை வெயிலில் கையெல்லாம் மண்ணும் செடிப் பாலும், துடைக்கவும் முடியாது. டாக்டர் ஜிங்க் ஆக்சைடு வகைக்கு மாற்றினார். அது கண்ணுக்குள் போனாலும் எரிவதில்லை. வெள்ளை படிவது மட்டும்தான் குறை. நிறம் கலந்த வகை வாங்கினால் அந்தக் குறையும் இல்லை, அதில் இருக்கும் இரும்பு ஆக்சைடு நம் தோல் கறுப்பதையும் தடுக்க உதவுகிறது. குழாயில் போட்டிருக்கும் எஸ்.பி.எஃப். எண் 30 இருந்தால் போதும். அது 97 சதவீத யு.வி.பி.யைத் தடுக்கும், 50 என்றால் 98. ஆனால் 'பி.ஏ.' என்று போட்டுப் பக்கத்தில் எத்தனை கூட்டல் குறி என்று பாருங்கள், யு.வி.ஏ.வுக்கு அதுதான் கணக்கு. குறைந்தது மூன்று இருக்கட்டும். எண்ணைவிட அளவு முக்கியம்: முகத்துக்கும் கழுத்துக்குமாக ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளமாகப் பிதுக்கிய அளவு. வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. மதியம் சாப்பிட உட்காருமுன் முகம் கழுவித் திரும்பப் போடுகிறேன், அதைத் தவறவிடுவதே இல்லை.

இரவுக்கு டிரெட்டினாயின் 0.025 சதவீதக் கிரீம். முகப்பருவுக்கு வந்த மருந்து, சுருக்கத்துக்கும் ஆதாரம் நன்றாக உள்ளது. டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது. விலை ஊசியோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை, குழாய் முந்நூறு ரூபாய்க்குள். முதலில் வாரம் இரண்டு இரவு, மாய்ஸ்சரைசர் தடவி அதன் மேல் துளி மருந்து, கண் குழி எலும்பின் மேல் மட்டும். இமை மேல் படவே கூடாது. தொடங்கிய சில வாரம் தோல் உரிந்து சிவந்தது, பழகியபின் நின்றது. பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும், ஆறு மாதம் என்றே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குக் கீழே ஊசியால் குறையாத அந்த மெல்லிய சுருக்கம் எனக்கு இதில்தான் கொஞ்சம் குறைந்தது. குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது ஆகாது. தோல் மிக மென்மையானவர்கள் இதே வகையில் லேசானதான ரெட்டினாலில் தொடங்கலாம். அது தோலுக்குள் போய் மாறி வேலை செய்வதால் மெதுவாகத்தான் பலன் தரும், எரிச்சலும் குறைவு.

பாலக்கோட்டில் இருக்கும் என் நாத்தனாருக்கு நடந்ததை எழுதாமல் விட மனசு வரவில்லை. கருவளையத்துக்கும் சுருக்கத்துக்கும் என்று மருந்துக் கடையில் கேட்டிருக்கிறாள். ஒரு குழாயைக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு மாதத்தில் முகம் பளபளவென்று ஆகிவிட்டது, அக்கம்பக்கத்தில் எல்லாரும் விசாரித்தார்கள். நிறுத்தினால் எரிச்சல், அதனால் திரும்பத் திரும்ப வாங்கினாள். நான் பார்த்தபோது கண்ணுக்குக் கீழே தோல் காகிதமாக மெலிந்து, சிவப்பு நரம்புகள் வலைபோல் தெரிந்தன. வெயிலில் ஐந்து நிமிஷம் நிற்க முடியவில்லை. குழாயை வாங்கிப் படித்தேன்: ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், மொமெட்டாசோன். கடைசியாக இருப்பது ஸ்டீராய்டு. மங்குவுக்கு டாக்டர் மேற்பார்வையில் சில வாரம் மட்டும் போடுகிற மருந்து, கண்ணைச் சுற்றித் தடவ வேண்டியதே இல்லை. தோலை மெலிய வைப்பதோடு, கண்ணுக்குப் பக்கத்தில் நீண்ட நாள் தடவினால் கண் அழுத்தம் ஏறலாம், கண்புரை வரலாம். அவளை அழைத்துப்போய்க் கண் அழுத்தம் பார்த்தோம், நல்லவேளை சரியாக இருந்தது. தோல் தேற இன்னும் நாளாகும். 2018-லேயே இந்த மாதிரி ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு அறிவித்துவிட்டது. கடையில் இன்னும் கேட்டால் எடுத்துக் கொடுக்கிறார்கள். குழாயில் 'ஆர்.எக்ஸ்.' குறி இருந்தால், '-சோன்', '-சோலோன்', 'குளோபெட்டசால்' என்று பெயரில் வந்தால், டாக்டர் சொல்லாமல் கண் பக்கம் கொண்டு போகாதீர்கள். உங்கள் மகள், மருமகள் அலமாரியிலும் பார்த்துவிடுங்கள்.

காசு கொடுத்துத் தனியாரிடம் போக முடியாதவர்களுக்கு: போலுப்பள்ளியில் இருக்கும் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் தோல் பிரிவு இருக்கிறது. கிரீம் தடவிக் கெட்ட முகத்துக்கும் கறுப்புப் படலத்துக்கும் அங்கே காட்டலாம். நாத்தனார் இப்போது தருமபுரியில்தான் பார்க்கிறாள்.

பெங்களூருக்குப் போயிருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். லேசரோ இமை அறுவையோ என்றால் நானும் அங்கேதான் விசாரிப்பேன். கண்ணோர ஊசிக்கு அவ்வளவு தூரம் வேண்டியதில்லை. இரண்டு வாரம் கழித்துத் திரும்பக் காட்ட வேண்டும், இடையில் இமை இறங்கினாலோ கண் உறுத்தினாலோ உடனே போய் நிற்க வேண்டும். பக்கத்தில் இருப்பதே ஒரு வசதி.

ஊசியைத் திரும்பப் போடுவேனா? வருஷத்துக்கு ஒரு தடவை, சீசன் முடிந்த கையோடு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எட்டாயிரத்து ஐந்நூறு கட்ட என் வரவுசெலவு இடம் கொடுக்காது, அப்படிக் கட்டாயமும் இல்லை என்று டாக்டரே சொல்கிறார். நிறுத்தினால் முன்பைவிட மோசமாகாது, பழைய நிலைக்கு வரும், அவ்வளவுதான். கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் இரவுக் கிரீமும் நிற்காமல் ஓடுகின்றன.

போகிறவர்கள் தெரிந்துகொள்ள: எனக்கு டாக்டர் பார்க்கும் கட்டணம் 500 ரூபாய், இரண்டு வாரம் கழித்துக் காட்டியதற்குத் தனியாக வாங்கவில்லை. டோக்கன் போனில் போடலாம், ஆனாலும் ஒரு மணி நேரமாவது காத்திருக்க வேண்டும், சனிக்கிழமை இன்னும் கூட்டம். டாக்டருக்குக் கன்னடமும் தெலுங்கும் வரும் என்பதால் எல்லையோரத்திலிருந்து வருகிறவர்களுக்கும் சிரமமில்லை. இப்போது தடவும் எல்லாக் குழாய்களையும் ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள், அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்துப் பார்க்கிறார்.